குன்றத்தூர் மனையை விக்கறீங்களா? 12.5-ஆ, 20-ஆ?

ஒரகடம் வளரும்னு நம்பி, அப்பா குன்றத்தூர்ல மனை வாங்கிப் போட்டிருக்காரா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

2016-17-ல 20 லட்சத்துக்கு வாங்கினதை 2024 ஆகஸ்ட்ல 30 லட்சத்துக்கு வித்ததா வெச்சுக்கோங்க. லாபம் 10 லட்சம். 12.5 சதவீத வரின்னா 1.25 லட்சம். பழைய முறையில, பணவீக்கக் குறியீடு 264-லேர்ந்து 363 ஆனதால வாங்கின விலையே 27.5 லட்சமாயிடும். லாபம் 2.5 லட்சம்தான்; 20 சதவீதம்னாலும் வரி வெறும் 50,000. செஸ் தனி.

அதே மனை 60 லட்சத்துக்குப் போயிருந்தா? புது முறையில 5 லட்சம், பழைய முறையில 6.5 லட்சம். விலை வேகமா ஏறியிருந்தா புதுசு லாபம், மெதுவா ஏறியிருந்தா பழசு.

ஆனா இந்தச் சாய்ஸ், 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின மனைக்குத்தான். அதுவும் வரிக் கணக்குப்படி இந்தியாவுல வசிக்கிறவங்களுக்கு மட்டும். அதனால முதல்ல பத்திரத்துல தேதியைப் பாருங்க. துபாய்ல இருக்கற அண்ணன் பேர்ல இருக்கான்னும் பாத்துடுங்க.