ஒரு மாத்திரை, இரு வைரஸ்கள்

பிராக் நகரில் அந்தோனின் ஹோலி என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் உருவான டெனோபோவிர் என்ற மருந்து, அமெரிக்காவில் 2001-இல் எச்.ஐ.வி.க்கும் 2008-இல் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சிக்கும் ஒப்புதல் பெற்றது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இவ்விரு வைரஸ்களும் ஒரே மருந்துக்கு அடங்குவதற்குக் காரணம், ஆர்.என்.ஏ.வைப் படித்து டி.என்.ஏ. இழையை எழுதும் நொதி இரண்டுக்குமே இன்றியமையாதது என்பதே. இழையின் கண்ணிகளுள் ஒன்றைப் போல வேடமிட்டு உள்ளே நுழையும் டெனோபோவிர், அடுத்த கண்ணியைக் கோப்பதற்கான கொக்கி தன்னிடம் இல்லாததால், இழையை அங்கேயே அறுதியாக நிறுத்திவிடுகிறது. ஆயினும் எச்.ஐ.வி. மனித செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளும், ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளும் பதுங்கிக்கொள்வதால், மருந்து பெருக்கத்தை அடக்குகிறதே தவிர நோயை வேரறுப்பது அரிது.

தொற்று இல்லாதவர் எச்.ஐ.வி.யைத் தடுக்க, எம்ட்ரிசிடபின் என்ற மருந்துடன் சேர்த்து இதனை உட்கொள்ளும் முறை 2012-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பலரும் கவனிக்கத் தவறும் சிக்கல் இங்கேதான் உள்ளது: தமக்கே தெரியாமல் ஹெபடைடிஸ் பி உடைய ஒருவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால், தொடங்குமுன் இரு வைரஸ்களுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. 2025-இல் ஒப்புதல் பெற்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஹெபடைடிஸ் பி வைரஸிடம் பலிப்பதில்லை; ஆனால் ஹெபடைடிஸ் பி-க்கோ, எச்.ஐ.வி.க்கு இன்றுவரை வாய்க்காத தடுப்பூசி உண்டு, அதன் முதல் தவணை குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.