இறங்கி உருட்டுங்கள்

"ரோட்டுல போனா லாரி பயமாருக்கு. பிளாட்பாரத்துல ஏறினா நடக்கிறவுக ஏசுதாக. நான் எங்கதான் போவ அண்ணாச்சி?"

தூத்துக்குடியில் சைக்கிள் மிதிக்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்வி இது. டீ வரட்டும், நிதானமாகப் பேசுவோம். ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால் கேட்டவருக்கு மரியாதை செய்ததாகாது.

அவருடைய பயம் நியாயமான பயம். இது துறைமுக ஊர். கண்டெய்னர் லாரி, நிலக்கரி லாரி, உப்பு மூட்டை ஏற்றிய லாரி என்று கனரக வாகனங்கள் இந்த ஊரின் பிழைப்போடு கலந்தவை. பாளையங்கோட்டை சாலையிலும் எட்டயபுரம் சாலையிலும் அவற்றின் பக்கத்தில் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், பின்சக்கரம் தோளருகே உருளும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று. சாலையின் இடது ஓரம்தான் சைக்கிளுக்கு இடம் என்கிறோம். அந்த ஓரத்தில்தான் மணல் சேர்ந்து கிடக்கிறது, கார் நிற்கிறது, ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுகிறது. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவரும், திரேஸ்புரத்தில் மீன் வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவரும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இந்த ஓரத்தை நம்பித்தான் கிளம்புகிறார்கள். இவர்களில் யாரையும் குற்றவாளியாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

ஆனால் பயம் சாலையில் எப்படிக் கைமாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லாரிக்குப் பயந்து கார் ஒதுங்குகிறது, காருக்குப் பயந்து பைக், பைக்குக்குப் பயந்து சைக்கிள். சைக்கிள் பிளாட்பாரத்தில் ஏறினால் அந்தப் பயம் நடப்பவரிடம் வந்து சேர்கிறது. அவருக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் கடைச் சுவர், மறு பக்கம் சாலை. கையில் குழந்தையோடு போகிற தாய், தலையில் மீன் கூடை வைத்திருக்கிற ஆச்சி, கைத்தடி ஊன்றிப் பனிமய மாதா கோயிலுக்குப் போகிற பெரியவர், கண் தெரியாதவர் என்று சாலையில் எவருமே இடம் தராத ஆட்கள்தான் பிளாட்பாரத்துக்கு வருகிறார்கள்.

முத்துக்குளிப்புக் காலத்தில் தோணியில் நின்று கயிறு பிடித்தவரின் கவனம் முழுக்கக் கடலுக்குள் இறங்கியவர் மேல்தான் இருக்கும். மேலே பத்திரமாக நிற்பவருக்குக் கீழே மூச்சடக்கியிருப்பவரின் உயிர் பொறுப்பு. சாலையிலும் எவரிடம் வலு கூடுதலோ அவரிடம்தான் பொறுப்பும் கூடுதல்.

"மெதுவாத்தானே ஓட்டுதேன்" என்று சிலர் சொல்வார்கள். இந்த 'மெதுவா'வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். சாதாரணமாக மிதித்தாலே சைக்கிள் 15 கிலோமீட்டரைத் தொடும், அதாவது நொடிக்கு 4 மீட்டருக்கு மேல். வேகம் மூன்று மடங்கானால், அதே எடைக்கு மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகும். நம் ஊர்க் கடைகளின் வாசல் நேரே பிளாட்பாரத்தில் திறக்கிறது. மருந்து வாங்கிக்கொண்டு படியிறங்குகிறவர் இடது வலது பார்த்தா இறங்குவார்? ஓட்டுகிறவர் அவரைப் பார்த்து, பிரேக்கைப் பிடிக்க நினைப்பதற்குள்ளேயே 4 மீட்டர் போய்விடும். சைக்கிளுக்குச் சத்தமும் கிடையாது. இப்போது பெருகியிருக்கிற பேட்டரி ஸ்கூட்டருக்கும் அதே கதைதான். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், அதற்கு முன்பிருந்த நடை பலருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. சைக்கிள்காரருக்கு அது ஒரு சின்ன இடியாகத்தான் தெரிந்திருக்கும்.

மணி அடித்தால் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மணிச் சத்தம் கேட்டதும் ஒருவர் இடப்பக்கம் விலகுவார், இன்னொருவர் வலப்பக்கம் விலகுவார், காது மந்தமானவர் விலகவே மாட்டார். தன் இடத்தில் நடக்கிறவர் எதற்காக விலக வேண்டும்?

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி, நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் கடக்க அவ்வளவு தேவை. மேடையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முதியவர்களால் ஏற முடியாது. இப்போது வ.உ.சி. சாலையிலோ டபிள்யூ.ஜி.சி. சாலையிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். மின்கம்பம், விளம்பரப் பலகை, கடைக்கு வெளியே அடுக்கிய சரக்கு, நிறுத்தி வைத்த பைக், இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் நடப்பவர் பங்கு. அந்த மிச்சத்தில் சைக்கிள் ஹேண்டில்பார் அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, நம் ஊர்களில் பிளாட்பாரம் என்பது பல இடங்களில் மழைநீர் வடிகாலுக்குப் போட்ட மூடிதான். ஆள் நடக்கப் போட்ட சிலாப்பில் பைக் ஏறி ஏறி அது விரிசல் விட்டால், மழை நாளில் தண்ணீருக்கடியில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சைக்கிளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என் கோபம் அதிகம் மோட்டார் பைக் மேல்தான். சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கப் பொறுக்காமல் பிளாட்பாரத்தில் ஏற்றி, ஹாரன் அடித்து நடப்பவரை விரட்டுகிறவருக்கு லாரி பயம் என்ற காரணம்கூடக் கிடையாது. "தூண் நட்டால் ஏற மாட்டார்களே" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சக்கர நாற்காலி போக வேண்டுமானால் தூண்களுக்கு நடுவே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட வேண்டும். நம் ஊர் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அதைவிடக் குறுகலானது. பைக் நுழையாதபடி தூண்களை நெருக்கி நட்டால் சக்கர நாற்காலியும் நுழையாது. இந்தக் கணக்கைத் தீர்க்கிற தூணை இன்னும் யாரும் நட்டதாக நான் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் தானாகத் திருந்த வேண்டும், இல்லையென்றால் போலீஸ் நின்று அபராதம் போட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ல் வந்த சாலை விதிகளே, சீருடையிலிருக்கும் காவலரின் அனுமதியின்றி நடைபாதையில் வாகனம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டன. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி 'எந்த வாகனத்தை' ஓட்டினாலும் பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடக்கத் தகுந்த நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது.

இரண்டு தரப்பும் அனுசரித்துப் போகலாமே என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே நடைபாதையில் சைக்கிளையும் இ-ஸ்கூட்டரையும் அனுமதித்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பை 15-லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் இ-ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்தே விலக்கினார்கள். 2025 ஜூலை முதல், பக்கத்தில் சைக்கிள் பாதை உள்ள நடைபாதைகளை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். ஒழுங்குக்குப் பேர்போன ஊரிலேயே பகிர்வு இந்த அளவில்தான் நின்றது. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, தனிச் சைக்கிள் பாதை போட்டுவிட்டு அங்கே நடைபாதையிலிருந்து சைக்கிளை விலக்கியதுதான்.

ஆகவே அந்தக் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இரண்டு பகுதி. சாலையில் அவருக்கு இடம் இல்லாதது அவர் தப்பில்லை. துறைமுக லாரிகள் ஓடுகிற சாலைகளில் தடுப்பு வைத்த சைக்கிள் தடம் வேண்டும், அதை மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் தர வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போய்க் கேட்டால் இன்னும் நல்லது. அது வரும்வரை, சாலையில் போக முடியாத இடத்தில் பிளாட்பாரத்தில் ஏறுங்கள், ஆனால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். உருட்டுகிற கணத்தில் நீங்களும் நடப்பவர்தான், உங்களை யாரும் ஏச மாட்டார்கள். எதிர்த்திசையில் வராதீர்கள். ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இப்போது பிடிக்க ஆளில்லை என்பதற்காக இருட்டில் விளக்கில்லாமல் போகாதீர்கள். வண்டியை நிறுத்தும்போது ஒரு சக்கர நாற்காலி போகிற வழியை விட்டு நிறுத்துங்கள். பைக் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பிளாட்பாரத்தில் ஏறாதீர்கள், எந்த அவசரத்துக்கும்.