பாடம் எழுத ஒருவருக்குச் சம்பளம் கொடுப்போம்

மாளிகாவத்தைக்குப் பக்கத்தில், பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் வாங்குபவர் அது பொருந்துமா என்று பார்த்த பின்பே காசைக் கொடுப்பார். ஆனால் உயர்தரத்தில் கணனிப் பாடம் எடுக்கும் எமது பிள்ளைகளின் டியூஷன் கொப்பிகளைப் பாருங்கள். பைத்தன் மொழி நிரல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று நான் கேட்டால் பலரிடம் பதில் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு கருவி இருக்கிறது. 2001இல் கொலம்பிய நாட்டவரான பெர்னாண்டோ பெரெஸ், பௌதிகவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது ஐபைத்தன் என்ற பெயரில் ஆரம்பித்தது அது. 2014 முதல் அந்தப் பணி ஜூபிட்டர் என்ற பெயரில் வளர்ந்தது. முற்றிலும் இலவசம்.

இதில் ஒரு கட்டத்தில் ஆசிரியர் தமிழிலேயே விளக்கம் எழுதலாம். அதன் கீழே நிரல் இருக்கும். பிள்ளை அங்கேயே அதை இயக்கலாம், மாற்றலாம். பிரேக் பேட் ஒன்று 1,500 ரூபா, 10 எடுத்தால் 5 வீதக் கழிவு. விடை 14,250 என்று வரும். 10ஐ 12 ஆக்கினால் 17,100. கழிவைக் கூட்டினால் என்னாகும் என்று அடுத்ததாகப் பிள்ளையே பார்க்கும். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் கணனி இல்லையா? 2017இல் வெளிவந்த கூகுள் கொலாப் மூலம், இணைய வசதியுள்ள கைத்தொலைபேசியிலும் இத்தகைய பாடத்தைத் திறக்கலாம்.

தமிழுக்கு இது புதிதல்ல. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைகளே தமிழில்தான். அச்சிட ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும். ஆனால் பரீட்சைக்கு வருவது பைத்தன். அதற்குத் தமிழ் விளக்கத்தோடு, ஓடும் நிரலோடு பாடங்கள் வேண்டும்.

எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டங்களை முன்பின்னாக இயக்கினால் பழைய கணக்கு உள்ளே தங்கி, பிழையான பாடமும் சரிபோலத் தெரியும். கொடுக்குமுன் எல்லாவற்றையும் மேலிருந்து புதிதாக ஓடவிட வேண்டும். வருடம் ஒரு முறை சரிபார்க்கவும் வேண்டும். பைத்தன் 2க்கான ஆதரவு 2020இல் நின்றது. அதற்கு எழுதிய பல பாடங்கள் இன்று அப்படியே ஓடாது.

வியாபாரிகளே, பாடசாலைக்குக் கணனி அன்பளிப்புச் செய்கிறோம், நல்லது. அதோடு கணனி படித்த ஒரு இளைஞருக்கோ யுவதிக்கோ சில மாதச் சம்பளம் கொடுத்து இந்தப் பாடங்களை எழுதுவிப்போம். கொடுத்த கணனி ஒரு வகுப்பறையில் இருக்கும். எழுதிய பாடமோ கொழும்பிலும் ஓடும், கல்முனையிலும் ஓடும், மன்னாரிலும் ஓடும். ஒரே செலவு, பல ஊர்ப் பிள்ளைகளுக்கு இலாபம்.