கடலடி மணலின் வரவும் செலவும்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் உள்ள ஒன்று. வாளையாற்றிலும் சித்தூரிலும் கண்ணில் படுவது வயலும் பனையும். குமுளியிலும் மூணாற்றிலும் கண்ணில் படுவது ஏலமும் தேயிலையும். ஆயினும் கடலின் படைப்பு ஒன்று இப்பகுதிகளுக்கு ஓயாமல் வந்து கொண்டிருக்கிறது. மலைத்தோட்டங்களின் புளிப்பு மண்ணைத் திருத்துவதற்கு இடப்படும் கக்காச் சுண்ணாம்பு, உப்பங்கழியில் வாழ்ந்த சிப்பிகளின் ஓட்டிலிருந்து பெறப்படுவது. திருச்சிக்கு அருகே கல்லக்குடியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்திருந்த கடலில் பவளங்களும் பாசிகளும் விட்டுச் சென்ற படிவாகும். அதனை நம்பியே டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்டு ஆலை எழுந்தது.

சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றின் விலையையும் தேவையையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவற்றின் மூலப்பொருள் கடலடியில் எவ்வாறு உண்டாகிறது, நீரோட்டம் அதனை எங்கே கொண்டு செல்கிறது என்பன பற்றிப் பேசுவது அரிது. இவ்வினாக்கள் நிலவியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கடற்கரைப் பகுதிகளில் திட்டமிடுவோர் அனைவரும் இவற்றிற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். விடையை அறியாமல் செயற்பட்டதன் விளைவைத் தமிழகத்தின் தென்கோடியில் இன்று கண்கூடாகக் காணலாம்.

இருவகை மணல்

மணல் மலையிலிருந்து வருகிறது என்பது நமது பொதுவான எண்ணம். பாரதப்புழையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாறை சிதைகிறது, ஆறு அதனை அரைத்துக் கொண்டு வந்து பரப்புகிறது. வரும் அளவை விட அள்ளும் அளவு மிகும்போது ஆற்றுப்படுகை தாழ்கிறது, கிணறுகள் வற்றுகின்றன. இதனை உணர்ந்தே கேரள அரசு 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் எடுப்பை ஒழுங்குபடுத்துவதற்கும் சட்டம் இயற்றியது.

கடலில் இன்னொரு வகை மணலும் உண்டு. அதற்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை உயிரினங்கள் உறிஞ்சி, கூடாகவும் ஓடாகவும் மாற்றுகின்றன. பவளம், சிப்பி, சங்கு, சுண்ணாம்புப் பாசி, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஓடுடைய நுண்ணுயிர்கள் ஆகிய அனைத்தும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. அவை இறந்தபின் அலைகள் அக்கூடுகளை உடைக்கின்றன. கிளிமீன்கள் பவளப் பாறையைக் கொறித்து, செரிக்காத பகுதியை வெண்மணலாக வெளியேற்றுகின்றன. இவ்வாறு சேரும் வெண்மணலே பவளத் தீவுகளின் உடல். இலட்சத்தீவுகள் முழுவதும் இத்தகைய மணலின் மீதே அமைந்துள்ளன.

நமக்கு அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு மன்னார் வளைகுடா. இடுக்கி மலையில் தேங்கும் பெரியாற்று நீர் 1895 முதல் சுரங்க வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு வைகைப் படுகையை அடைகிறது. அந்நீர் பாயும் இராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குக் கரையை ஒட்டி, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, 21 சிறு தீவுகள் ஒரு மாலைபோல் அமைந்திருந்தன. இவற்றையும் சூழ்ந்துள்ள கடலையும் 1986இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 21 தீவுகளின் மொத்தப் பரப்பும் ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர் மட்டுமே.

நீரோட்டத்தின் வேலை

கடலடியில் கிடக்கும் ஒரு துகளை நகர்த்த, நீரின் வேகம் ஓர் எல்லையைக் கடந்தாக வேண்டும். நடுத்தர அளவுள்ள மணல் அசையத் தொடங்குவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வேகம் தேவைப்படும். வேகம் அவ்வெல்லையை ஒட்டியிருக்கும்போது துகள்கள் அடித்தரையில் உருண்டும் தாவியும் செல்கின்றன; கடலடியில் நாம் காணும் மணல் வரிகள் அப்போது உருவாகின்றன. வேகம் மேலும் மிகுந்தால் துகள்கள் நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். இங்கே ஒரு கணக்கை மனத்திற் கொள்ளுதல் நன்று. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது சுமக்கும் மணல் இரு மடங்காவதில்லை. சுமார் எட்டு மடங்காகிறது. எனவே ஆண்டு முழுவதும் வீசும் மெல்லலை செய்யாததைச் சில நாட் புயல் செய்துவிடுகிறது.

உயிரினப் படிவின் இயல்பு ஆற்றுமணலின் இயல்பிலிருந்து வேறுபட்டது. ஆற்றுமணல் பெரும்பாலும் உருண்டு திரண்ட படிகக்கல். சிப்பித் துண்டு தட்டையானது. பவளத் துண்டு துளைகள் மலிந்தது. சுண்ணாம்புப் பொருள் தன்னளவில் படிகக்கல்லை விடச் சற்றே கனமானது. ஆயினும் இவ்வடிவங்களின் காரணமாக, அதே பருமனுள்ள ஆற்றுமணலை விட அது நீரில் மெதுவாகவே இறங்குகிறது. எழுப்பப்பட்ட துகள் தரையைத் தொடுமுன் நீரோட்டம் அதனை மேலும் தொலைவுக்குக் கொண்டு சென்றுவிடுகிறது.

அலைக்கும் நீரோட்டத்திற்கும் இடையே ஒரு வேலைப் பங்கீடு உண்டு. அலை மணலைக் கிளறி எழுப்புகிறது. எழுப்பிய மணலை நீரோட்டம் சுமந்து செல்கிறது. தனியாக ஒரு துகளையும் அசைக்க இயலாத மெல்லிய நீரோட்டம்கூட, அலையின் துணை இருந்தால் பெருமளவு மணலை இடம் மாற்ற வல்லது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைச் சமவெளியில் வீசும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, குமரிமுனைக்கு அப்பால் கடலைக் கலக்கி, மன்னார் வளைகுடாவில் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. மீனவர் இதன் காலத்தைச் சோழகம் என்பர். வாடைக்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று அம்மணலைத் தெற்கு நோக்கித் திருப்புகிறது. பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தின் திசையும் பருவத்தோடு மாறுகிறது. ஆகவே தீவுகளின் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை; ஆண்டுதோறும் போய்வருகிறது. போனது திரும்புமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒன்று, தீவின் கடற்புறத்தில் நிற்கும் பவளத்திட்டு, மற்றொன்று, அதன் அருகே படர்ந்த கடற்புல். பவளத்திட்டு அலையின் வேகத்தை ஒடுக்குகிறது. உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, பவளத்திட்டுகள் அலையாற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன. கடற்புல்லின் வேர்கள் மணலைப் பிணைத்து நிறுத்துகின்றன.

பவளத்திட்டு மணலை உண்டாக்கும் ஆலை. அதே சமயம் மணலைக் காக்கும் மதிலும் அதுவே. இவ்விரு பணிகளையும் ஒன்றாகக் காண்பதே இப்பொருளைப் புரிந்து கொள்வதற்கு அடிப்படை.

ஒரு கணக்கு

பொருளாதாரம் பயில்வோருக்கு முதல், வட்டி என்னும் வேறுபாடு நன்கு தெரியும். வட்டியைச் செலவிடுவோர் நிலைத்து வாழ்வர். முதலைச் செலவிடுவோர் நொடிந்து போவர். மன்னார் வளைகுடாவில் நடந்தது இரண்டாவது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்டபம், தூத்துக்குடி வட்டாரங்களில் பவளப் பாறைகள் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டன. சுண்ணாம்புக் காளவாய்கள், கார்பைடு தொழில், வீடு கட்டுமானம் ஆகியவை இவற்றை வாங்கின. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகிய இரண்டிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் எடுக்கப்படுவதாக 1970களின் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. நல்ல நிலையிலுள்ள ஆழமற்ற பவளத்திட்டு ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குச் சில கிலோகிராம் சுண்ணாம்பையே உண்டாக்கும். அதனை நான்கு கிலோகிராம் என்று கொள்வோம். 25,000 டன்னை ஈடுசெய்ய 625 எக்டேர் பவளத்திட்டின் ஓராண்டு உற்பத்தி முழுவதும் தேவைப்படும். அதாவது 21 தீவுகளின் பரப்புக்கு நிகரான பவளத்திட்டு ஓராண்டு முழுவதும் உழைத்த பயன், விற்பனைக்கே போயிற்று. தீவுகளுக்குச் சேர வேண்டிய மணலுக்கு அக்கணக்கில் இடமில்லை. மேலும், வெட்டப்பட்டது ஆண்டு உற்பத்தி மட்டும் அன்று. உற்பத்தி செய்யும் உயிர்த்திட்டே வெட்டப்பட்டது. மதில் தாழ்ந்தது, அலை நேரே தீவைத் தாக்கியது, வெளியேறிய மணலுக்கு ஈடாகப் புதுமணல் வரவில்லை.

விளைவு வரைபடத்திலேயே தெரிகிறது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலுள் மறைந்தன. காரைச்சல்லித் தீவு 1969இல் ஏறத்தாழ 20 எக்டேர் இருந்தது. இன்று அதில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் இவ்வாறே சுருங்கியது. இத்தீவுகள் கரையை நோக்கிவரும் அலைகளைத் தாங்கி நிற்பவை. இவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடல் மீன்களின் நாற்றங்கால். எனவே தீவின் இழப்பு மீனவக் குடும்பங்களின் இழப்பும் ஆகும். பவளம் வெட்டியவர்களிற் பலரும் அதே கரையைச் சேர்ந்த ஏழைகளே என்பதையும் மறத்தலாகாது. கூலி அவர்களுக்குக் கிடைத்தது. இழப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. இலாபம் வேறிடத்திற்குச் சென்றது.

மாற்று முயற்சிகள்

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், தீவுகளும் திட்டுகளும் கரைக்கு அரணாவதை மக்கள் உணர்ந்தனர்; பவளம் வெட்டுதல் நின்றது. ஆயினும் கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளுத்துப் போகும் நிகழ்ச்சி 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடுமையாக ஏற்பட்டது. வெட்டுக்கத்தி ஓய்ந்த இடத்தில் வெப்பம் வந்து நின்றது.

வான்தீவைக் காப்பதற்கு 2015 முதல் 2019 வரை, துளைகளுடன் கூடிய சிமெண்டுக் கட்டமைப்புகள் பத்தாயிரத்துக்கும் மேலாக அதன் கடற்புறத்தில் இறக்கப்பட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும் இதில் பங்காற்றின. இவற்றின் பணி எளியது: அலையின் வேகத்தைக் குறைத்தல். வேகம் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மணல் தங்கத் தொடங்கியது. தீவின் தேய்வு தணிந்தது. கட்டமைப்புகளின் மீது பவளங்களும் மீன்களும் குடியேறியுள்ளன. காரைச்சல்லிக்கும் இத்தகைய திட்டம் வகுக்கப்பட்டுள்ளது.

இவ்வெற்றியின் எல்லையையும் அறிதல் வேண்டும். சிமெண்டுக் கட்டமைப்பு மதிலின் வேலையைச் செய்யும். ஆலையின் வேலையைச் செய்யாது. இருக்கும் மணலை அது நிறுத்தும். புதுமணலை உயிர்ப்பவளமும் பாசியும் சிப்பியுமே தர இயலும். கடல்மணலின் பிள்ளையாகிய தீவைக் காக்க, நிலத்தில் பழைய கடலடியைத் தோண்டிச் சிமெண்டு செய்து மீண்டும் கடலில் இறக்குகிறோம். இயற்கை இலவசமாகச் செய்த பணிக்கு நாம் இன்று விலை கொடுக்கிறோம் என்பதே இதன் பொருள்.

செய்ய வேண்டுவன

கடற்கரையில் துறைமுகத் தடுப்புச் சுவர், தூர்வாரல், சிப்பி எடுத்தல் ஆகிய எப்பணிக்கும் ஒப்புதல் தருமுன், அவ்விடத்தின் மணல் வரவு செலவைக் கணித்தல் கட்டாயமாக வேண்டும். எத்தனை டன் உண்டாகிறது, எப்பருவத்தில் எத்திசையில் செல்கிறது, எங்கே தங்குகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் இரு பருவங்களையும் உள்ளடக்கிய அளவீடு தேவை. ஒரு பருவத்தில் மட்டும் அளந்து எழுதும் அறிக்கை, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்ட கணக்கு ஆகும்.

மலைப்பகுதியினருக்கும் இதில் பங்கு உண்டு. சரிவுகளில் மண் அரிப்பைத் தடுத்தால், ஆற்றுச் சேறு கடலடி உயிர்களின் மீது படிவது குறையும். சுண்ணாம்பை மண் ஆய்வின்படி தேவையான அளவில் மட்டும் இட்டால், சிப்பிப் படிவுகளின் மீதுள்ள சுமை தணியும்.

பாரதப்புழை மணலுக்குக் கணக்கு வேண்டும் என்பதை ஒரு தலைமுறையின் இழப்புக்குப் பின்னரே நாம் கற்றோம். கடலடி மணலுக்கும் அவ்வாறே கணக்கு வேண்டும் என்பதைக் கற்பதற்கு, எஞ்சியுள்ள 19 தீவுகளில் இன்னொன்றை விலையாகத் தருதல் ஆகாது.