பழந்துப்பாக்கியின் வரலாறு

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், அதனைச் செய்தவர் யார், சுமந்தவர் யார் என்று அறிய எவருக்கும் ஆவல் எழும். வீட்டார் சொல்லும் கதை ஒன்று. இரும்பு காட்டும் சான்று மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஆகவே ஆராய்பவர், உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, இரும்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

குழலின்மீது பொறித்த பெயர் செய்தவருடையதாகவும் இருக்கலாம், விற்றவருடையதாகவும் இருக்கலாம். அதன் அருகே காணும் சிறு முத்திரைகளையே அடுத்து நோக்குதல் தகும். பிரித்தானியாவில், வழக்கத்திலும் மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து, அதனைத் தாங்கிய குழலுக்கே சோதனை முத்திரை குத்துவர். இலண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எழுந்தது. முத்திரைகளின் வடிவம் காலந்தோறும் மாறியமையால், சோதித்த ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் அவற்றால் அறியலாம். அதன்பின் தொடர் இலக்கம். விற்ற நிறுவனத்தின் பழைய பேரேடு அழியாதிருப்பின், அந்த இலக்கமே வாங்கியவரின் பெயரைக் காட்டிவிடும்.

இதற்கு ஓர் உதாரணம் காண்போம். 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டு ஜிம் கோர்பெற் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெற் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அதில் உள்ள பெயர் இலண்டன் றிக்பி நிறுவனத்தினுடையது. தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறியோ ஜேர்மனியின் மவுசர் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. அதன் தோட்டாவுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஜேர்மனியர் 7 மில்லிமீற்றர் என்பதையே ஆங்கிலேயர் அங்குலக் கணக்கில் .275 என்றனர். இதனை அறியாதவர் இரண்டும் வெவ்வேறென மயங்குவர்.

அதே அமைப்புடைய துப்பாக்கிகள் வேறும் உண்டு. இதனைத் தனித்துக் காட்டுவது, பரிசின் காரணத்தைப் பொறித்துக் கட்டையிற் பதித்த சிறு வெள்ளித் தகடு. எவரேனும் வெள்ளியின் விலைக்காக அதனைப் பெயர்த்திருந்தால், அந்த வரலாற்றுக்குரிய நேர்ச்சான்று அன்றே மறைந்திருக்கும்.

ஆதலால், பழம்பொருளை வைத்திருப்போர் அதனைப் பளபளப்பாக்கும் ஆசையால் எழுத்துகளையும் முத்திரைகளையும் அராவி அழித்தல் ஆகாது. வீட்டு முதியோர் கூறும் கதையையும், கூறியவர் பெயருடன் எழுதி வைத்தல் நன்று. இரும்பு ஊரையும் காலத்தையும் சொல்லும். ஏந்திய மனிதரைப் பற்றி மனிதரே சொல்ல வேண்டும்.