மின்சுற்றுப் பலகையைப் பிரித்தல்

வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ திறந்து நோக்கினால், பெரும்பாலும் பச்சை நிறமுள்ள மெல்லிய பலகை ஒன்று உள்ளே காணப்படும். அதுவே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து இறுக்கி, அதன்மேல் மெல்லிய செப்புத் தகட்டைப் பதித்து, வேண்டிய கோடுகள் நீங்கலாக எஞ்சிய செம்பைக் கரைத்து நீக்கி இதனைச் செய்வர். 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளே மிகுதியாக வழங்குகின்றன.

சிறு பலகைகளைத் தனித்தனியே எந்திரத்தில் ஏற்றி உறுப்புகளைப் பொருத்துதல் எளிதன்று, காலமும் வீணாகும். ஆதலின், ஒரே தாளில் பல அஞ்சல் தலைகளை அச்சிடுவது போல, ஒரு பெரும்பலகையில் பல சிறு பலகைகளை அமைக்கின்றனர். உறுப்புகளை எல்லாம் பற்றவைத்த பின்னர், அவற்றைத் தனித்தனியே பிரிக்கின்றனர்.

பிரித்தல் எளிய செயல் போலத் தோன்றும். ஆயின், அதுவரை செய்த உழைப்பு முழுவதும் பாழாகக்கூடிய இடம் அதுவே. பலகையில் அமைந்த மின்தேக்கிகளுள் பல, பீங்கானை ஒத்த பொருளால் ஆனவை. பலகை சிறிது வளைந்து கொடுக்கும். பீங்கான் வளையாது, வெடிக்கும். அவ்வெடிப்பு உறுப்பின் அடிப்புறத்தே கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கும். தொழிற்சாலையில் சோதிக்கும்பொழுது பலகை குறையின்றி இயங்குதலும் கூடும். பல திங்கள் கழிந்தபின், வெடிப்பினுள் ஈரம் புகுந்து, மின்சாரம் செல்லாத வழியில் பாய்ந்துவிடும். அக்கருவி நோயாளியின் மூச்சுக்குத் துணைசெய்வதாயின் விளைவு என்னாகும்!

பிரிக்கும் முறைகள் பல. பலகைகளுக்கு இடையே இரு புறமும் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் பள்ளமிட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நடுவே விட்டுவைத்தல் ஒரு முறை. அதனைக் கையால் ஒடித்தால் செலவில்லை. ஆனால் வளைவு மிகுதி. கைக்குக் கை அது மாறுபடும். வட்டக் கத்திகளைப் பள்ளத்தின் வழியே உருட்டிப் பிரித்தால் வளைவு குறையும். ஆயினும், இம்முறை நேர்கோட்டு விளிம்புகளுக்கே பொருந்தும்.

வளைந்த விளிம்புடைய பலகைகளைச் சுழலும் சிறு வெட்டுளியால் அறுப்பர். இதில் வளைவு மிகச் சிறிது. ஆனால், மூச்சுக்குத் தீங்கான கண்ணாடித் தூள் எழுவதால், அதனை உறிஞ்சும் கருவி உடன் இயங்கவேண்டும். எஃகு அச்சினால் ஒரே அடியில் வெட்டுதல் மிக விரைவானது, ஆயின் ஒவ்வொரு வடிவிற்கும் தனி அச்சு வேண்டும், அதிர்ச்சியும் உண்டு. லேசர் ஒளியோ பலகையைத் தொடாமலே வெட்டுகிறது. மெல்லிய, வளையும் பலகைகளுக்கு அது மிகவும் ஏற்றது. எனினும், எந்திரத்தின் விலை மிகுதி. கனத்த பலகையில் வேலை மெதுவாக நடக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தாவிடில் விளிம்பு கருகும்.

இவற்றுள் எது சிறந்தது? எல்லாப் பலகைக்கும் ஏற்ற முறை ஒன்றில்லை. பலகையின் வடிவம் யாது, விளிம்பிற்கு எவ்வளவு அருகில் உறுப்புகள் உள்ளன, எத்தனை பலகைகள் வேண்டும், பழுது நேர்ந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பவற்றை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும். விளிம்பருகே உறுப்புகள் இல்லாத விளையாட்டுப் பொருளின் பலகையை ஒடித்துப் பிரிக்கலாம். விளிம்பு நெருங்க மின்தேக்கிகள் அமைந்த மருத்துவக் கருவியின் பலகையை அவ்வாறு செய்தல் தகாது.

இம்முடிவைப் பலகை வரைபடமாக இருக்கும்போதே எடுத்தல் வேண்டும். வெட்டுளி செல்ல இடம் விடுதலும், மின்தேக்கிகளை வெட்டுக் கோட்டிலிருந்து விலக்கி, அவற்றின் நீளம் அக்கோட்டிற்கு இணையாக அமையுமாறு வைத்தலும் அப்பொழுதே இயலும். எல்லாம் முடிந்தபின் ஒடிக்கும் கையை நொந்து பயனில்லை.