கொதிக்க வெச்சாலும் போகாத விஷம்

பிள்ளைகளோட ஜப்பான் போறீங்களா? ஃபுகு, உனகி கடைகள் கண்ணில் படும். ஃபுகு நம்ம பேத்தை மீன், உனகி விலாங்கு. ரெண்டிலும் நஞ்சு உண்டு.

விலாங்கின் ரத்தத்தில் இருக்கும் நஞ்சு சூட்டில் அழிந்துவிடும். கரி அடுப்பில் சுட்டு, இனிப்பான சோயா சாஸ் தடவி, சோற்றின் மேல் வைத்துத் தருவாங்க. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முள்ளை மட்டும் பாருங்க.

"நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்"னு நம்ம வீட்டுல சொல்றது பேத்தைக்குப் பொருந்தாது. அதன் ஈரல், சினைப்பை நஞ்சு சமைத்தாலும் போகாது, மாற்றுமருந்தும் கிடையாது. 1975-ல் கபுகி நடிகர் பாண்டோ மிட்சுகோரோ கியோட்டோவில் அந்த ஈரலைச் சாப்பிட்டு இறந்தார். 1983-ல் ஈரல் பரிமாறவே அரசு தடை போட்டது.

பெரியவங்களுக்கு ஆசையா? உரிமம் பெற்ற சமையல்காரர் உள்ள கடைக்கே போங்க. பிள்ளைகளுக்கு விலாங்கு போதும். தூண்டிலில் சிக்கிய பேத்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.